பழைய மேஸி டிராக்டருக்குப் பவர் ஸ்டீரிங்: அளவு, இடம், ஆயில்

கேள்வியின் சுருக்கம்: பழைய மேஸி பெர்குசன் 1035. மூன்று சிலிண்டர் சிம்ப்சன் எஞ்சின், முன் டயர் 6.00-16. ஸ்டீரிங் பாக்ஸின் இரண்டு பக்கமும் ஆர்ம் இறங்குகிறது. ஆளுக்கொரு நீளக் கம்பி முன் சக்கரத்துக்குப் போகிறது. தொளி (சேற்று உழவு) ஓட்டி முடிக்கும்போது தோள்பட்டை கழன்றுவிடுகிறது. பவர் ஸ்டீரிங் மாட்டலாமா, கலப்பையைத் தூக்கும் லிஃப்ட்டின் ஆயிலையே அதற்கு எடுக்கலாமா, எந்த அளவு சிலிண்டர் வாங்குவது?

மாட்டலாம். லிஃப்ட் ஆயிலை எடுக்க முடியாது. காரணம் கீழே இருக்கிறது. சிலிண்டரோ, கடையில் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பதைவிடச் சிறியதே போதும். இந்த வேலையில் தோற்கிறவர்கள் பலம் போதாமல் தோற்பதில்லை. பலம் மிஞ்சி, பழைய ஆர்ம்மும் நக்கிளும் (முன் சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் மூட்டு) தாங்காமல்தான் தோற்கிறார்கள்.

முதலில் முன் ஆக்ஸிலை ஜாக்கியில் தூக்குங்கள். ஆக்ஸிலின் நடுவில் கட்டை வைத்து இரண்டு சக்கரமும் தரையை விடும்படி தூக்கி, ஒரு கையால் ஸ்டீரிங்கைத் திருப்பிப் பாருங்கள். சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போதும் கனமாகத் திரும்பினால் கோளாறு உராய்வில் இருக்கிறது: கிங் பின் (சக்கரம் திரும்பும் அச்சு) புஷ் காய்ந்திருக்கும், த்ரஸ்ட் பேரிங் நொறுங்கியிருக்கும், அல்லது பாக்ஸில் ஆயில் இருக்காது. இவற்றைச் சரிசெய்து டயர் காற்றையும் பார்த்தாலே பாதிப் பாரம் குறைகிற வண்டிகள் உண்டு. அந்தரத்தில் லேசாகவும் தரையில் கனமாகவும் இருந்தால்தான் பவர் ஸ்டீரிங்குக்கு வேலை இருக்கிறது. எப்படியானாலும் கிங் பின், புஷ், பால் ஜாயிண்ட், ஆக்ஸிலின் நடுப் பின், முன் சக்கர பேரிங் ஆகியவற்றின் ஆட்டத்தை முதலில் எடுத்துவிடுங்கள். கை ஸ்டீரிங்கில் இந்த ஆட்டம் விரல்களுக்குத் தெரியும். ஆயில் நடுவில் வந்துவிட்டால் தெரியாது; தேய்ந்த பால் ஜாயிண்ட் கழன்று விழும்வரை எந்த அறிகுறியும் இருக்காது.

இனி லிஃப்ட் ஆயில். 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே தயாரித்த இந்த வண்டிகள் பெர்குசன் வம்சம். லிஃப்ட் பம்ப் பின் ஹவுசிங்குக்குள், ஆயிலில் மூழ்கி, பிடிஓ (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும்) தண்டால் ஓடுகிறது. மற்ற வண்டிகளில் பம்ப் எப்போதும் ஆயிலைச் சுற்றிவிட்டுக்கொண்டே இருக்கும். வால்வு அந்த ஓட்டத்தைத் திருப்பிவிடும். பெர்குசன் அமைப்பில் வால்வு உறிஞ்சும் பக்கம் இருக்கிறது. லிஃப்ட் ஏறாத நேரத்தில் அது உறிஞ்சும் வழியையே மூடிவிடுகிறது. பம்ப் சுற்றும், ஆயில் வராது. பவர் ஸ்டீரிங்குக்கோ எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் ஓட்டம் வேண்டும். அதோடு பிடிஓவை விலக்கினால் பம்ப்பே நின்றுவிடும். லிஃப்ட் வெளி ஆயில் துவாரத்திலிருந்து ஹோஸ் எடுத்து இணைத்தால் கலப்பை ஏறும்போது மட்டும் ஸ்டீரிங் லேசாகும், மற்ற நேரம் கல்லாக இருக்கும். ரோட்டில் இது ஆபத்து. எஞ்சினே நேராக ஓட்டும் தனிப் பம்ப், தனி டேங்க் இரண்டும் கட்டாயம்.

வழிகள் பொதுவாக மூன்று. முதலாவது முழு ஹைட்ரோஸ்டாட்டிக்: ஸ்டீரிங் தண்டின் அடியில் ஆர்பிட்ரால் யூனிட் (திருப்பும் அளவுக்கு ஆயிலை அளந்து சிலிண்டருக்கு அனுப்புவது), முன்னால் சிலிண்டர், நடுவில் ஹோஸ் மட்டும். இரண்டாவது, பழைய பாக்ஸை அப்படியே வைத்து லிங்க்கில் வால்வும் சிலிண்டரும் சேர்ப்பது. வெளிநாட்டில் ஓடிய அந்தக் காலத்து வண்டிகளில் இந்த வகை இருந்தது. இங்கே அதற்கு உதிரி தேடி அலைய வேண்டும். மூன்றாவது, கார்களில் வரும் மின் மோட்டார் வைத்த ஸ்டீரிங் தண்டு. முன் ஆக்ஸிலில் கை வைக்காமல் முடிக்கலாம் என்பது அதன் நல்ல பக்கம். ஆனால் அந்த மோட்டார் திருப்பும் நொடியில் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய டைனமோ 20 ஆம்பியரைச் சுற்றித்தான் கொடுக்கும். ஆல்டர்னேட்டர் போட வேண்டும், பேட்டரியும் பெரிதாக வேண்டும். அதற்குப் பிறகும் கேஜ் வீல் (சேற்றுக்கு மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) வாரி அடிக்கிற சேற்றுத் தண்ணீரிலிருந்து மின் இணைப்புகளைக் காப்பது தொடர்ந்த வேலை. இரவும் பகலும் தொளியில் நிற்கிற வண்டிக்கு முதல் வழிதான் சரி. இனி அதைப் பற்றியே பேசுகிறேன்.

உங்கள் வண்டியின் முக்கியச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பல டிராக்டர்களில் பாக்ஸிலிருந்து ஒரு கம்பி ஒரு சக்கரத்துக்குப் போகும். இரண்டு சக்கரத்தையும் குறுக்கே ஒரு டை ராடு சேர்க்கும். பாக்ஸைக் கழற்றினாலும் டை ராடு சக்கரங்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும். உங்கள் வண்டியில் டை ராடு இல்லை. இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற பொருள் பாக்ஸுக்குள் இருக்கிற பல்சக்கரங்கள்தான். பாக்ஸைக் கழற்றிவிட்டு ஒரு சக்கரத்துக்குச் சிலிண்டர் மாட்டினால், இன்னொரு சக்கரம் தன் போக்கில் திரும்பும். ‘எல்லா டிராக்டருக்கும் பொருந்தும்’ என்று விற்கும் கிட்களில் இதற்கான பாகம் இருக்காது. வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: டை ராடும் அதற்கான ஆர்ம்மும் கிட்டில் இருக்கிறதா?

ஆர்ம்மைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. இப்போது உள்ள கம்பி முன்பின்னாக ஓடுகிறது. அதனால் நக்கிள் மேலிருக்கும் ஆர்ம் குறுக்குவாட்டில் நிற்கிறது. டை ராடு குறுக்கே ஓடுவது. அதற்கு ஆர்ம் முன்னோக்கியோ பின்னோக்கியோ நிற்க வேண்டும். பழைய ஆர்ம்மின் ஓட்டையிலேயே டை ராடைக் கோத்தால் தள்ளுகிற திசையும் ஆர்ம்மின் திசையும் ஒன்றாகிவிடும், சக்கரம் திரும்பாது. பழைய ஆர்ம்மில் ஒரு துண்டை வெல்டிங் வைத்து நீட்டுவது மிகப் பெரிய தவறு. அது சூடாக்கி அடித்து உருவாக்கிய இரும்பு. வெல்டிங் சூடு பட்ட ஓரத்தில் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாமல் தொடங்கி, பாரம் ஏற்றிப் போகும்போது முறியும். அதே அளவு சாவிக்காடி (ஆர்ம்மைத் தண்டோடு பூட்டும் சிறு இரும்புச் சாவி உட்காரும் பள்ளம்) அல்லது பல்லோடு, முழுத் துண்டாகச் செய்த புது ஆர்ம்தான் வேண்டும்.

ஆர்ம் நிற்கும் கோணமும் முக்கியம். திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கத்தைவிடக் கூடுதலாக மடங்க வேண்டும். இல்லாவிட்டால் டயர் இழுபட்டுத் தேயும், சேற்றில் முன்பக்கம் மண்ணைத் தள்ளும். இதைச் சரிபார்க்க ஒரு கயிறு போதும். சக்கரங்களை நேராக வைத்து, கிங் பின் மையத்திலிருந்து பின் ஆக்ஸிலின் நட்ட நடுவுக்குக் கயிறு கட்டுங்கள். ஆர்ம் பின்னோக்கி இருந்தால் பால் ஜாயிண்டின் மையம் அந்தக் கயிற்றுக்கு நேர் கீழே வர வேண்டும். கணக்காகச் சொன்னால்: வீல்பேஸ் 1830 மி.மீ., கிங் பின்களுக்கு இடையே 1100 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 170 மி.மீ. நீள ஆர்ம்மின் நுனி, நேர்கோட்டிலிருந்து உள்பக்கமாகச் சுமார் 49 மி.மீ. சாய்ந்திருக்க வேண்டும். அப்போது டை ராடு பால் ஜாயிண்டுக்குப் பால் ஜாயிண்ட் 1002 மி.மீ. வரும். ஆர்ம் முன்னோக்கி இருந்தால் அதே கயிற்றை முன்பக்கம் நீட்டிப் பாருங்கள். நுனி வெளிப்பக்கம், டயரை நோக்கிப் போகும். அங்கே ரிம்மில் இடிக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். பின்னோக்கிய ஆர்ம்மை அப்படியே கழற்றி முன்னோக்கி மாட்டினால் கோணம் தலைகீழாகி, திருப்பத்தில் இரண்டு சக்கரமும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும்.

பழைய பாக்ஸையே இணைப்பாக வைத்துக்கொண்டு, ஒரு பக்க டிராப் ஆர்ம்மை (பாக்ஸிலிருந்து இறங்கும் ஆர்ம்) சிலிண்டரால் தள்ளுகிறவர்களும் உண்டு. செலவு குறைவு, ஆக்ஸிலில் எதையும் மாற்ற வேண்டாம். பாக்ஸுக்குள் இரண்டு பக்கச் செக்டரும் (பாதி வட்டப் பல்சக்கரம்) நேரடியாக ஒன்றோடொன்று பல் கோத்திருந்தால் மட்டும் இது நடக்கும். ஸ்டீரிங் தண்டின் பினியன் (சிறு பல்சக்கரம்) நடுவில் நின்று இரண்டையும் சேர்க்கிற பழைய அமைப்பில், தண்டை எடுத்த உடனே சக்கரங்கள் தனித்தனி ஆகிவிடும். மூடியைத் திறந்து பார்க்காமல் இந்த வழியில் இறங்காதீர்கள். பல் தேய்ந்த பாக்ஸாக இருந்தாலும் வேண்டாம்.

வசதி இருந்தால், பவர் ஸ்டீரிங்கோடு வந்த பிந்தைய மேஸி வண்டியின் முன் ஆக்ஸிலை ஆர்ம், டை ராடு, சிலிண்டர் எல்லாவற்றோடும் முழுசாக வாங்கி மாட்டுவதே என் முதல் சிபாரிசு. கோணக் கணக்கு அதில் முடிந்தே வருகிறது. நடுப் பின்னின் விட்டம், முன் பிராக்கெட்டின் அகலம், ஆக்ஸிலைப் பின்னால் இழுத்துப் பிடிக்கிற ராடுகள் சேரும் இடம் ஆகிய மூன்றையும் டேப் வைத்து அளந்து, பொருந்துகிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

ஒரு இழப்பும் இருக்கிறது. பெர்குசன் வடிவமைப்பில் முன் சக்கர அகலத்தை 4 அங்குலப் படிகளில் மாற்றலாம். ஆக்ஸில் பின்னோக்கி வளைந்திருப்பதாலும் கம்பிகள் அதற்கேற்ப நிற்பதாலும் ஸ்டீரிங்கைத் தொடவே தேவையில்லை. மிக அழகான ஏற்பாடு அது. டை ராடு போட்ட பிறகு அகலத்தை மாற்றும்போதெல்லாம் டை ராடின் நீளத்தையும் மாற்ற வேண்டும். கடலைக்கும் பருத்திக்கும் வரிசை அகலம் மாற்றுகிறவர்கள், ஓட்டை போட்டு நீட்டிச் சுருக்கும் வகை டை ராடு கேளுங்கள்.

சிலிண்டரின் அளவுக்கு வருவோம். அதிகபட்ச பாரம், காய்ந்த சிமெண்ட் தளத்தில் வண்டி நின்றபடி சக்கரத்தை முறுக்கும்போது வருகிறது. டயர் அகலத்தின் வர்க்கத்தை 8 ஆல் வகுத்து, கிங் பின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் மையத்துக்கும் உள்ள தூரத்தின் வர்க்கத்தைக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அதை முன் ஆக்ஸில் பாரத்தாலும் 0.7 என்ற உராய்வு எண்ணாலும் பெருக்கினால் தேவையான முறுக்கு விசை. டயர் 150 மி.மீ., தூரம் 80 மி.மீ. என்றால் வர்க்கமூலம் 96 மி.மீ. முன்பாரம் 700 கிலோ என்றால் முறுக்கு 47 கிலோகிராம்-மீட்டர். 170 மி.மீ. ஆர்ம் 35 டிகிரி திரும்பிய கடைசி நிலையில் அதன் பயனுள்ள நீளம் 139 மி.மீ.தான். ஆகவே சிலிண்டர் கொடுக்க வேண்டிய தள்ளு 340 கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது.

40 மி.மீ. உள்விட்டம், 20 மி.மீ. ராடு உள்ள சிலிண்டரில் ராடு பக்கப் பரப்பு 9.4 சதுர செ.மீ. 340 கிலோவுக்கு 35 பார் அழுத்தம் போதும். ரிலீஃப் வால்வை (அழுத்தம் மிஞ்சினால் திறந்துவிடுவது) 70 பாரில் வைத்தால் கிட்டத்தட்ட 670 கிலோ தள்ளும், அதாவது தேவையைப் போல இரண்டு மடங்கு. ஆழச் சேற்றுக்கும் முன் எடைக்கும் இந்த மிச்சம் கைகொடுக்கும். இப்போது 63 மி.மீ. சிலிண்டரை வாங்கி 140 பாரில் விட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள்: 4,400 கிலோ. சக்கரம் வரப்பில் முட்டி நிற்கும்போது ஓட்டுநர் ஒரு விரலால் ஸ்டீரிங்கைத் திருப்புகிறார். நாலரை டன் பலம் ஒரு பழைய சாவியின் மேலும் பிஞ்ச் போல்ட்டின் மேலும் இறங்குகிறது. சாவி வெட்டுப்படும், அல்லது ஆக்ஸிலில் வைத்த பிராக்கெட் கிழியும். லோடர் மாட்டிய வண்டிக்கு மட்டும் 50 மி.மீ. யோசிக்கலாம், அதுவும் நக்கிளைப் பலப்படுத்திய பிறகு.

இரண்டு பக்கமும் ராடு வரும் சிலிண்டர்தான் நல்லது. ஒரு பக்க ராடு என்றால் தள்ளும் பரப்பும் இழுக்கும் பரப்பும் வேறு. 50 மி.மீ. சிலிண்டர், 25 மி.மீ. ராடு, 195 மி.மீ. ஓட்டம் (ராடு நகரும் தூரம்), ஒரு சுற்றுக்கு 80 சி.சி. ஆயில் தள்ளும் யூனிட் என்ற சேர்க்கையில் சிலிண்டர் ராடை வெளியே தள்ள ஸ்டீரிங் 4.8 சுற்று, உள்ளே இழுக்க 3.6 சுற்று. வேலையில் பழகிவிடலாம் என்பார்கள். ரோட்டில் அது உறுத்தும். 40-20 இருபக்க ராடு சிலிண்டரில் இரண்டு திசைக்கும் 184 சி.சி. ஆயில். 50 சி.சி. யூனிட்டோடு 3.7 சுற்று வரும். மூன்றரை முதல் நாலரைச் சுற்றுக்குள் வைப்பது நல்லது. எஞ்சின் நின்றால் யூனிட்டே கைப்பம்பாக வேலை செய்து சக்கரத்தைத் திருப்பும். அப்போது கைக்கு வரும் பாரத்தை நிர்ணயிப்பது இந்தச் சுற்றுக் கணக்குதான். 3.7 சுற்றில், 40 செ.மீ. விட்ட ஸ்டீரிங்கில், நின்ற இடத்தில் திருப்பச் சுமார் 14 கிலோ இழுக்க வேண்டும். சுற்றை இரண்டரைக்குக் குறைத்தால் 20 கிலோவைத் தாண்டும். சரிவில் எஞ்சின் அணைந்தால் வண்டியைப் பிடிக்க முடியாது.

சிலிண்டர் ராடு நகர வேண்டிய ஓட்டத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள். இப்போதைய ஆர்ம்மில் அல்ல, புது ஆர்ம் மாட்டி, சக்கரம் ஆக்ஸில் ஸ்டாப்பரில் முட்டும்வரை இருபக்கமும் திருப்பி, பால் ஜாயிண்ட் குறுக்கே எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். 170 மி.மீ. ஆர்ம், இருபக்கமும் 35 டிகிரி என்றால் 195 மி.மீ. சிலிண்டரின் முழு ஓட்டம் இதைவிட ஒவ்வொரு பக்கமும் 3 முதல் 5 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும்.

சிலிண்டரின் அடி எங்கே பிடிக்கப்பட வேண்டும்? ஆக்ஸிலின் மேல்தான். எஞ்சினிலோ முன் பிராக்கெட்டிலோ பிடித்துவிட்டு ராடை மட்டும் சக்கரத்துக்குக் கொடுத்தால், ஆக்ஸில் பள்ளத்தில் சாயும் ஒவ்வொரு முறையும் சக்கரம் தானாகத் திரும்பும். 12 மி.மீ. தகட்டில் பிராக்கெட் செய்து யூ-போல்ட்டால் ஆக்ஸிலைக் கவ்விப் பிடிப்பது நல்லது. வெல்டிங் வைத்தே ஆக வேண்டும் என்றால் ஆக்ஸிலின் நீளவாக்கில் வையுங்கள், குறுக்கே ஒருபோதும் வேண்டாம். இடம் இருந்தால் ஆக்ஸிலுக்குப் பின்னால், அதன் அடிமட்டத்துக்கு மேலே. முன்னால் வைத்தால் வரப்பு ஏறும்போது முதலில் முட்டுவது சிலிண்டராகத்தான் இருக்கும். எல்லாம் மாட்டியபின் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸில் முழுதாகச் சாய்ந்து நிற்கும்போது ஸ்டீரிங்கை இரண்டு கடைசிக்கும் திருப்புங்கள். பிறகு மறுபக்கத்தைத் தூக்கித் திருப்புங்கள். சம்ப், ரேடியேட்டர் அடி, ஹோஸ் எதுவும் உரசக் கூடாது. நேராக நிற்கும்போது விரற்கடை இடைவெளி இருந்த இடம் சாயும்போது முட்டும்.

பம்ப் விஷயத்தில் அளவைவிட மாட்டும் முறை முக்கியம். எஞ்சின் டைமிங் கேஸில், மூடித் தகடு போட்ட பம்ப் முகம் இருந்தால் அதிர்ஷ்டம். கியரால் ஓடும், பெல்ட் பிரச்சினையே இல்லை. இல்லாவிட்டால் கிராங்க் புல்லியில் இன்னொரு காடி சேர்த்து பெல்ட்டில் ஓட்ட வேண்டும். சாதாரண கியர் பம்ப்பின் தண்டில் நேராகப் புல்லி மாட்டாதீர்கள். அந்தத் தண்டு சுற்றுவதற்கு மட்டும் செய்யப்பட்டது, பக்கவாட்டு இழுவையைத் தாங்காது. பெல்ட் இழுத்த பக்கம் உள் புஷ் தேய்ந்து, கியர் பல் உடம்பை உரசி, அலுமினியத் துகளை ஆயிலோடு யூனிட்டுக்குள் அனுப்பும். பிறகு பம்ப், யூனிட் இரண்டும் போகும். கியர் பம்ப் என்றால் புல்லிக்குத் தனி பேரிங் வீடு வைத்து, நடுவில் கப்ளிங் கொடுங்கள். லாரி, கார்களில் பெல்ட்டில் ஓடும் வேன் பம்ப் (சிறு தகடுகள் சுழன்று ஆயிலைத் தள்ளும் வகை) இன்னும் சுலபம்: பெல்ட்டுக்கு ஏற்ற பேரிங் அதில் இருக்கிறது, ஓட்டத்தை ஒரு அளவுக்கு மேல் விடாத வால்வும் உள்ளேயே இருக்கிறது. எடுக்கும் முன் அது சுற்றும் திசையைப் பாருங்கள். தலைகீழாகச் சுற்றினால் ஆயில் வராது.

பம்ப் கொடுக்க வேண்டிய ஆயில் ஓட்டத்தைச் சொல்கிறேன். ஆள் வேகமாகத் திருப்பினால் நொடிக்கு ஒன்றரைச் சுற்று. 50 சி.சி. யூனிட்டுக்கு நிமிடத்துக்கு 4.5 லிட்டர். இது எஞ்சின் ஐடிலில், நிமிடத்துக்கு 700 சுற்றில் கிடைக்க வேண்டும், ஏனென்றால் வரப்போரம் திரும்பும்போதுதான் ஆக்ஸிலேட்டர் குறைந்திருக்கும். எஞ்சினும் பம்ப்பும் சமமாகச் சுற்றினால் 8 சி.சி. பம்ப் ஐடிலில் 5 லிட்டர் கொடுக்கும், 2000 சுற்றில் 15 லிட்டர். அந்த மிச்ச ஓட்டம் ஆயிலைச் சூடாக்கத்தான் பயன்படும்; அதனால்தான் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு வேண்டும் என்கிறேன். டீசல் அதிகம் குடிக்குமோ என்ற பயம் வேண்டாம். 8 லிட்டர் ஓட்டத்தில் 70 பார் வரை முறுக்கினாலும் பம்ப் எடுப்பது ஒன்றரை குதிரைத்திறன்தான், அதுவும் திருப்பும் நொடிகளில் மட்டும்.

யூனிட் வாங்கும்போது ரிலீஃப் வால்வும், எஞ்சின் நின்றால் கையால் திருப்ப உதவும் செக் வால்வும் உள்ளேயே இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ரிலீஃபை வெளியே தனியாகப் போட வேண்டும். யூனிட்டை மாட்டுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஸ்டீரிங் தண்டுக்குத் தன் சொந்த பேரிங் இருக்க வேண்டும். ஓட்டுநர் ஸ்டீரிங்கைப் பிடித்து ஏறி உட்காரும் பாரம் யூனிட்டுக்குள் இறங்கக் கூடாது. தண்டின் நுனிப் பல்லுக்கும் யூனிட்டின் உள்ளடிக்கும் நடுவே ஒன்றிரண்டு மி.மீ. இடைவெளி விடுங்கள். அதைக் கையால் உணரலாம்: எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டீரிங்கை மேலும் கீழும் அசைத்தால் ‘டக்’ என்று சிறிய அசைவு தெரிய வேண்டும். தண்டு யூனிட்டை அழுத்திக்கொண்டிருந்தால் உள்ளே இருக்கும் ஸ்பூல் (ஆயில் வழிகளைத் திறந்து மூடும் உருளை) நடுநிலைக்குத் திரும்பாது. கையை எடுத்தபின்னும் ஸ்டீரிங் தானாகச் சுற்றும்.

டேங்க் 5 லிட்டர் போதும். பம்ப்பைவிட உயரத்தில், சைலன்சரிலிருந்து தள்ளி வையுங்கள். உறிஞ்சும் ஹோஸ் முக்கால் அங்குலம், குட்டையாக, மடிப்பில்லாமல். அழுத்த ஹோஸ் மூன்றெட்டு (3/8) அங்குலம், இரண்டு கம்பி வலை உள்ளது. திரும்பும் ஹோஸ் அரை அங்குலம். அதன் வழியில் 10 முதல் 25 மைக்ரான் ஃபில்டர். திரும்பும் குழாய் டேங்க்கில் ஆயில் மட்டத்துக்குக் கீழே முடிய வேண்டும், மேலிருந்து ஊற்றினால் நுரை கட்டும். இணைப்புகளில் வெள்ளை டேப் சுற்றாதீர்கள். அதன் பிசிறு ஒன்று ஸ்பூலில் சிக்கினால் போதும், யூனிட்டைப் பிரிக்க வேண்டியதுதான். செப்பு வாஷர், ரப்பர் பதித்த வாஷர், ஓ-ரிங் ஆகியவைதான் இங்கே. நம் வெயிலுக்கு 68 கிரேடு ஹைட்ராலிக் ஆயில், அல்லது 46.

மாட்டியதும் சிலிண்டரை இணைத்துவிடாதீர்கள். சிலிண்டருக்குப் போகும் இரண்டு ஹோஸின் நுனிகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, எஞ்சினை ஐடிலில் 10 நிமிடம் ஓட்டி, ஸ்டீரிங்கை இரு திசையிலும் சுற்றிக்கொண்டே இருங்கள். ஹோஸ் வெட்டிய தூள், லேத் பட்டறைத் துகள் எல்லாம் ஃபில்டருக்குப் போய்விடும். ஃபில்டரை மாற்றிவிட்டுச் சிலிண்டரை இணையுங்கள். முன் சக்கரங்களைத் தூக்கி, மெதுவாகக் கடைசியிலிருந்து கடைசிவரை திருப்புங்கள், முட்டியதும் அழுத்திப் பிடிக்காமல் உடனே திரும்புங்கள். பத்து முறை. டேங்க்கில் ஆயில் இறங்கும், ஊற்றுங்கள். நுரை தெரிந்தால் அரை மணி நிறுத்திவிட்டுத் தொடருங்கள். பிறகு அழுத்த வழியில் மீட்டர் மாட்டி, கடைசி முட்டில் ஐந்து நொடிக்குமேல் பிடிக்காமல் 70 பார் வருகிறதா என்று பார்த்து ரிலீஃபைத் திருத்துங்கள். கசிவைத் தேடக் கையை வைக்காதீர்கள். ஊசித் துவாரத்தில் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும், வலிகூட முதலில் தெரியாது, விரலை எடுக்க வேண்டிய நிலை வரும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். கடைசியாக டோ-இன்: இரண்டு முன் சக்கரங்களுக்கும் இடையே முன்பக்க அளவு பின்பக்கத்தைவிட 0 முதல் 6 மி.மீ. குறைவாக.

வலப்பக்கம் திருப்ப இடப்பக்கம் போனால் சிலிண்டர் ஹோஸ் இரண்டையும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றி மாட்டுங்கள், வேறொன்றும் இல்லை. ஐடிலில் மட்டும் கனம், ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் லேசு என்றால் ஓட்டம் போதவில்லை: பெல்ட் வழுக்குகிறது, அல்லது பம்ப் சிறியது. எல்லா வேகத்திலும் கனம் என்றால் ரிலீஃப் தாழ்ந்திருக்கிறது அல்லது அதன் இருக்கையில் தூசி சிக்கியிருக்கிறது. வெட்டி வெட்டித் திரும்பி, டேங்க்கில் பால் போல ஆயில் தெரிந்தால் உறிஞ்சும் பக்கம் காற்று இழுக்கிறது. அந்த கிளிப்பை இறுக்குங்கள். கடைசி முட்டுக்குப் பிறகும் ஸ்டீரிங் மெதுவாகச் சுற்றிக்கொண்டே போனால் சிலிண்டர் சீல் உள்ளே கசிகிறது. யூனிட்டின் மேல் சீல் திரும்பத் திரும்பப் போனால் சீலைக் குறை சொல்லாதீர்கள், திரும்பும் ஃபில்டர் அடைத்து அழுத்தம் ஏறியிருக்கும். நேராகப் போகும்போது ஸ்டீரிங் வட்டத்தின் குறுக்குக் கம்பி நாளுக்கொரு இடத்தில் நிற்பது மட்டும் கோளாறு அல்ல. இந்த அமைப்பில் ஆயில் சிறிது வழுகத்தான் செய்யும்.

தொளிக்குப் போகும் வண்டிக்குச் சிலிண்டர் ராடில் ரப்பர் உறை போடுங்கள், அல்லது வேலை முடிந்த அன்றே தண்ணீர் அடித்துச் சேற்றைக் கழுவுங்கள். ராடில் காய்ந்த சேறு அடுத்த நாள் முதல் திருப்பத்தில் சீலை அரைக்கும்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. வேலையைத் தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டிலும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டியை ஓட்டுகிற எல்லோருக்கும் ஒன்றைச் சொல்லி வையுங்கள். கை ஸ்டீரிங்கில் திருப்பிவிட்டுப் பிடியைத் தளர்த்தினால் சக்கரம் ஓரளவு தானே நேராகும். ஹைட்ரோஸ்டாட்டிக்கில் அப்படி வராது. விட்ட இடத்திலேயே நிற்கும், கையால்தான் திருப்பிக் கொண்டுவர வேண்டும். முதல் இரண்டு நாள் டிரெய்லர் இல்லாமல், காலி வயலில் ஓட்டிப் பழகட்டும். பத்து மணி நேரம் ஓடியபின் யூ-போல்ட், ஆர்ம்மின் பிஞ்ச் போல்ட், பால் ஜாயிண்ட் நட்டு எல்லாவற்றையும் மறுபடி இறுக்கி, காட்டர் பின் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். ஐம்பது மணி நேரத்தில் ஃபில்டரைக் கழற்றி, அதில் ஒட்டியிருப்பதை வெள்ளைத் துணியில் தட்டுங்கள். மினுமினுக்கும் துகள் விழுந்தால் பம்ப்பின் பெல்ட் இழுவையையும் பேரிங் வீட்டையும் அன்றே பாருங்கள்.